கணக்கு பொய்யா, கோட்பாடு பொய்யா?

கொதிக்கும் நீரில் வைத்த வெப்பமானி 60 டிகிரி காட்டினால் என்ன நினைப்பீர்கள்? நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்ற பாடத்தையா கிழித்துப் போடுவீர்கள்? வெப்பமானியைத்தான் முதலில் சந்தேகிப்பீர்கள். 1953ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர்களுக்கும் இப்படியோர் இக்கட்டு வந்தது.

சுவீடன் நாட்டு அறிஞர்களான ஹெக்ஷர், ஓலின் ஆகியோரின் வாணிபக் கோட்பாடு எளியது. ஒரு நாட்டில் உழைப்பு, நிலம், மூலதனம் இவற்றுள் எது மிகுதியோ, அதை அதிகம் பயன்படுத்தும் பொருள்களையே அந்நாடு ஏற்றுமதி செய்யும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூலதனம் மலிந்திருந்த நாடு அமெரிக்கா. அப்படியானால் அதன் ஏற்றுமதியிலும் மூலதனம் மிகுந்திருக்க வேண்டும் அல்லவா?

ஹார்வர்டு பேராசிரியர் வாசிலி லியான்டீஃப், 1947ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதைச் சோதித்தார். துணி என்றால் தறியோடு அவர் நிற்கவில்லை. நூல், பஞ்சு என்று பின்னோக்கிச் சென்று, ஒவ்வொன்றிலும் அடங்கிய மூலதனத்தையும் உழைப்பையும் கூட்டினார். ஏற்றுமதிப் பொருள்களில் ஓர் ஆளின் ஓராண்டு உழைப்புக்கு ஏறத்தாழ 14,000 டாலர் மூலதனம் வந்தது. இறக்குமதியாகும் பொருள்களை அமெரிக்காவிலேயே செய்தால்? 18,000 டாலர்! கோட்பாட்டுக்கு நேர் எதிர்.

லியான்டீஃபே ஒரு சமாதானம் சொன்னார். ஓர் அமெரிக்கத் தொழிலாளி மூன்று பிறநாட்டுத் தொழிலாளிகளுக்குச் சமம். ஆகவே அங்கே மிகுதியாக உள்ளது உழைப்புதான் என்றார். அப்படியானால் அதே திறமை இயந்திரத்தின் பலனையும் பெருக்காதா? இது சற்று வசதியான சாக்கு என்றே தோன்றுகிறது. வேறு சிலர், 'உழைப்பு என்று எல்லோரையும் ஒன்றாக எண்ணியதே பிழை; படித்த, பயிற்சி பெற்ற உழைப்பைத் தனியே எண்ணுங்கள்' என்றனர். இதைச் சோதிக்க முடியும். சோதித்தபோது, அமெரிக்க ஏற்றுமதித் தொழில்களில் தேர்ச்சி பெற்றவர்களே அதிகம் இருந்தனர்.

1980ஆம் ஆண்டில் எட்வர்ட் லீமர் 'வெப்பமானியையே' மாற்றினார். 1947இல் அமெரிக்காவின் ஏற்றுமதி, இறக்குமதியைவிட மிக அதிகம். அப்படிப்பட்ட நாட்டில் இவ்விரண்டையும் ஒப்பிடக்கூடாது. நிகர ஏற்றுமதியை, மக்கள் நுகரும் பொருள்களோடு ஒப்பிட வேண்டும் என்று காட்டினார். புதிர் மறைந்தது!

கோட்பாடு தப்பிவிட்டது என்று எண்ணாதீர்கள். அதே லீமர், வேறு இருவரோடு சேர்ந்து 27 நாடுகளையும் 12 வகை வளங்களையும் ஆராய்ந்தார். 1987இல் வெளியான முடிவின்படி, கோட்பாட்டின் கணிப்பு காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவுதான். எல்லா நாடுகளும் ஒரே தொழில்நுட்பத்தைக் கையாளுகின்றன என்ற அதன் அனுமானத்தின்மேல் இப்போது சந்தேகம் திரும்பியது. டேனியல் டிரெஃப்ளர் 1995இல் அந்த அனுமானத்தைத் தளர்த்திப் பார்த்தார். கணக்கும் கோட்பாடும் முன்னைவிட நெருங்கி வந்தன.