பிடிச்ச 10% உங்க காசுதான்: ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு ஐடிஆர்

சங்கரன்கோவில்ல வீட்டுல உட்கார்ந்தே பெங்களூரு கம்பெனிக்கு வெப்சைட் செஞ்சு கொடுக்கிறீங்கன்னு வைப்போம். 2025-26ல மொத்த பில் 1,80,000 ரூபாய். அக்கவுண்ட்ல வந்தது 1,62,000 தான். மீதி 18,000 எங்கே?

அதுதான் டிடிஎஸ். ஒரே கம்பெனி ஒரு நிதியாண்டுல 50,000 ரூபாய்க்கு மேல தொழில்முறைக் கட்டணம் கொடுத்தா, 10% பிடிச்சு உங்க பான் எண்ணுல அரசுக்குக் கட்டணும். பான் கொடுக்கலைன்னா 20% போயிடும்.

இப்போ கணக்கு. வருமான வரிச் சட்டம் 44ஏடிஏ பிரிவு இன்ஜினியரிங், ஐடி மாதிரி சில தொழில்களுக்கு ஒரு எளிய வழி தருது. வரவுல பாதியை லாபம்னு காட்டினா போதும், செலவு பில் எதுவும் சேர்த்து வைக்க வேண்டாம். 1,80,000ல பாதி 90,000. புது வரிமுறைல 4 லட்சம் வரை வரியே இல்லை. அப்போ வேற வருமானம் இல்லாத உங்களுக்கு வரி பூஜ்யம், அந்த 18,000 முழுசும் உங்களுக்கே. ஆனா ரிட்டர்ன் போடாம அது திரும்பி வராது!

செய்ய வேண்டியது:

1. இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல பான் எண்ணை வச்சு ரெஜிஸ்டர் பண்ணுங்க.
2. படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து, பிடிச்ச தொகை பதிவாகியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா முதல்ல கம்பெனியைக் கேளுங்க.
3. பேங்க் அக்கவுண்டை வேலிடேட் பண்ணுங்க. ரீஃபண்ட் அங்கதான் வரும்.
4. ஐடிஆர்-4 நிரப்புங்க. வரவுன்னு கேட்டா 1,80,000 போடணும், 1,62,000 இல்லை.
5. 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி வச்சு இ-வெரிஃபை பண்ணுங்க. இதை விட்டா ரிட்டர்ன் போட்டதாவே கணக்கில்லை.

வருஷத்துல பிடித்தம் 25,000 ரூபாயைத் தொட்டா, வரி இல்லைன்னாலும் ரிட்டர்ன் கட்டாயம்.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஜப்பான்லயும் எழுத்து, மொழிபெயர்ப்பு, டிசைன் வேலைக்குக் கம்பெனிகள் 10.21% பிடிச்சுட்டுத்தான் கொடுக்கும். அங்க இருக்கிற ஃப்ரீலான்ஸர்கள் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை ஜப்பானிய மொழிப் படிவத்துல கணக்குக் காட்டணும். கூடுதலா பிடிச்சது திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. அடுத்த வருஷக் கணக்குல பிரிவு எண்கள் மாறும். பில், பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் இப்பவே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.