கூந்தலுக்கு ஏற்ற கண்டிஷனர் எது?

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தமை 1960-களிலேயே கண்டறியப்பட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கிய பின்னும், எண்ணூர், திருவொற்றியூர் இல்லங்கள் பலவற்றில் குளிப்பதற்கு உவர் நீரே வாய்க்கிறது. கடின நீரின் சுண்ண உப்புகள் சோப்புடன் கூடிப் படிந்து, கூந்தலைச் சொரசொரப்பாக்குகின்றன. கண்டிஷனரோ இழையில் மெல்லிய படலமாக ஒட்டிச் சிக்கலைக் குறைக்கிறது.

தாய்மார்களே, மெல்லிய, எண்ணெய்ப் பசையுள்ள முடியாயின் இலேசான வகையை நுனியில் மட்டும் தடவுங்கள். வறண்ட, சுருண்ட, சாயமிட்ட முடிக்குக் கெட்டியான வகை நன்று. முதலில் சிறு பாக்கெட் வாங்கிச் சோதியுங்கள். இறுதி அலசலுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

முடி உதிர்வை எந்தக் கண்டிஷனரும் நிறுத்தாது. இரத்தசோகையோ தைராய்டுக் கோளாறோ காரணமாயிருக்கலாம். புட்டிக்குச் செலவிடுமுன் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.