கேட்டலில் பிறக்கும் இசை

நுழையும்முன்

இருவேறு மரபுகள் ஒரே மேடையில் ஏறும்போது, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமோ என்னும் அச்சம் எழுவது இயல்பு. மரபின்மீது பற்றுடைய எவருக்கும் தோன்றும் அவ்வச்சத்திற்கு ஜாஸ் இசையின் வரலாறு ஒரு விடை தருகிறது. அவ்விடையை விளக்குவதே இப்பாடம்.

காங்கோ சதுக்கத்தில் ஒரு காலை

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள காங்கோ சதுக்கத்தில், கதிரவன் எழும் வேளையில் ஓர் இசைநிகழ்ச்சி தொடங்கியது. அன்று மாலை, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுப்பேரவை மண்டபத்தில் பல நாட்டுக் கலைஞர்கள் ஒன்றுகூடி இசைத்தனர். அதுவே முதலாவது உலக ஜாஸ் நாள். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் முயற்சியால் யுனெஸ்கோ நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பரில் இந்நாளை அறிவித்தது. அதன்பின் இஸ்தான்புல் (2013), ஒசாகா (2014), பாரிஸ் (2015), வாஷிங்டன் (2016), ஹவானா (2017), மெல்போர்ன் (2019) என ஊர்தோறும் இவ்விசை அரங்கு தொடர்ந்தது. பல பண்பாட்டுக் கலைஞர்கள் ஒரே மேடையில் இணைந்து இசைப்பதே இத்தொடரின் சிறப்பு.

முதல் நிகழ்ச்சிக்குக் காங்கோ சதுக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழிவந்தோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குக் கூடினர். அமெரிக்காவின் பல பகுதிகளில் அவர்கள் முழவு கொட்டுவதற்கே தடை இருந்த காலம் அது. இச்சதுக்கத்திலோ அவர்களின் தாளம் ஒலித்தது. அந்நகரில் பின்னாளில் அத்தாள மரபும், ஐரோப்பியரின் ஊதுகருவிகளும், கறுப்பின மக்களின் உழைப்புப் பாடல்களும் வழிபாட்டுப் பாடல்களும் ஒன்றுகலந்தன. அக்கலப்பிலிருந்து ஜாஸ் பிறந்தது. ஆகவே, கலப்பு என்பது ஜாஸ் இசைக்குப் பின்னர் வந்து சேர்ந்த புதுமையன்று. அது அதன் பிறவிக்குணம்.

மொழி தெரியாத இருவர்

கலப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு ஒரு சான்றைக் காண்போம். 1947ஆம் ஆண்டில் ஜாஸ் உலகில் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞராக விளங்கியவர் டிஸ்ஸி கில்லெஸ்பி. கியூபா நாட்டின் ஹவானாவில் பிறந்து, காங்கா என்னும் முழவை இசைப்பதில் வல்லவராக விளங்கியவர் சானோ போசோ. முன்னவர் பேசியது ஆங்கிலம்; பின்னவர் பேசியது ஸ்பானிய மொழி. கியூபக் கலைஞர் மரியோ பௌசா இவ்விருவரையும் அறிமுகப்படுத்தினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர்கள் இணைந்து இசைத்தனர்.

அவர்கள் உருவாக்கிய ‘மாந்தேகா’ என்னும் இசைக்கோவை அதே ஆண்டு டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. போசோவுக்கு மேலை இசைக்குறியீடுகளை எழுதத் தெரியாது. எனவே, ஒவ்வொரு கருவியும் இசைக்க வேண்டிய பகுதியை அவர் வாயால் பாடிக் காட்டினார். அவர் அமைத்த பகுதி, சிறு தாளக்கூறுகள் மீண்டும் மீண்டும் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் முறையிலானது. கில்லெஸ்பி அதனிடையே ஓர் இணைப்புப் பகுதியைச் சேர்த்தார். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்கள் மாறிமாறி நகரும் ஜாஸ் முறையில் அமைந்தது அப்பகுதி. கியூபத் தாளம் கியூபத் தாளமாகவே நின்றது. ஜாஸ் ஜாஸாகவே நின்றது. இரண்டும் சேர்ந்து ஓர் இசையாயின.

ஐந்து அடிகளின் கணக்கு

இது எளிதில் கைகூடவில்லை. கியூப இசையின் முதுகெலும்பு ‘கிளாவே’ எனப்படும் ஐந்து அடிகளைக் கொண்ட தாளக்கூறு. பதினாறு நுண்ணளவுகளில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் அடிகள் விழுவது அதன் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்று. நம் கொன்னக்கோல் முறையில் இதனை ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லி, ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கைதட்டிப் பார்க்கலாம். 3+3+4+2+4 என்னும் கணக்கு விளங்கும். குழுவில் எவர் எதனை இசைத்தாலும் இக்கணக்கை மனத்தில் கொண்டே இசைக்க வேண்டும். ஜாஸ் கலைஞர்களின் நடையோ நீண்டும் குறுகியும் அசைந்து செல்வது. அவர்கள் தம் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் போசோவிடம் மாணவர்களாக அமர்ந்து தாளம் பயில வேண்டியிருந்தது.

போசோ 1948ஆம் ஆண்டு டிசம்பரில், தம் முப்பத்து மூன்றாம் வயதில் கொல்லப்பட்டார். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே நீடித்த அந்த இசைத்தோழமை, ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கியூபாவும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. அப்பகை நீங்காத 1977ஆம் ஆண்டிலேயே கில்லெஸ்பி ஹவானா சென்று அந்நாட்டுக் கலைஞர்களோடு இசைத்தார். 2017ஆம் ஆண்டின் உலக ஜாஸ் நாள் அரங்கு ஹவானாவில் அமைந்தபோது, கார்னகி அரங்கில் தொடங்கிய பயணம் எழுபது ஆண்டுகளுக்குப்பின் போசோவின் ஊருக்கே வந்து சேர்ந்தது.

கடமும் கிதாரும்

தமிழிசை அன்பர்களும் பெருமைகொள்ளத்தக்க சான்று ஒன்று உண்டு. ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் மின்கிதாரின் பேரொலியால் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர். அவர் இசையறிஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலா மேதை ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ என்னும் குழுவை அமைத்தார். 1975ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றின் பதிவு, மறு ஆண்டில் அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

கமகம் இன்றிக் கருநாடக இசை இல்லை. கிதாரில் நரம்பை வளைத்துக் கமகம் எழுப்புவது கடினம். ஆகவே, மெட்டுகளுக்கு இடையே விரற்பலகை குழிவாகச் செதுக்கப்பட்ட புதிய கிதாரை மெக்லாஃப்லின் செய்வித்துக்கொண்டார். மின்கிதாரின் பேரொலியையும் அக்குழுவில் விலக்கினார். கச்சேரிகளில் பக்கவாத்தியங்களுள்ளும் பின்வரிசையில் அமரும் மண்பானையாகிய கடம், அக்குழுவில் முதன்மைக் கருவிகளோடு சரிநிகராக உரையாடியது. அக்குழுவின் ‘திஸ் மொமென்ட்’ என்னும் தொகுப்பு 2024ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் பங்கேற்றவர்களுள் ஒருவர்.

மரபின் உறுதி

இச்சான்றுகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. தம் மரபில் ஆழக் காலூன்றியவர்களே பிற மரபோடு துணிந்து உரையாட முடியும். போசோவுக்குக் கிளாவேயும் விநாயக்ராமுக்குத் தாளக்கணக்கும் உயிரில் ஊறியிருந்தன. மேலும், கொள்வோர் முதலில் கற்போராக வேண்டும். பிறர் இசையின் இலக்கணத்தைக் கல்லாமல் அதன் ஒலியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவது ஒட்டுவேலையாகவே முடியும். கில்லெஸ்பி குழுவினர் தாளம் பயின்றதும், மெக்லாஃப்லின் வீணை பயின்றதும் அக்கற்றலின் அடையாளங்கள்.

செல்வத்துள் எல்லாம் தலையாய செல்வமாகச் செவிச்செல்வத்தை வள்ளுவர் போற்றினார். இசைமேடையில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் செவிகொடுக்கிறார். கேட்டதற்கு ஏற்பத் தம் மறுமொழியை அமைக்கிறார். முழவு கொட்டும் உரிமையும் மறுக்கப்பட்ட மக்களிடம் தோன்றிய இசை, உலகுக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.

கற்பவை கற்றபின்

1. கிளாவே தாளக்கூறினைக் கொன்னக்கோல் சொற்களால் வகுப்பறையில் குழுவாகச் சொல்லிக் கைதட்டிக் காட்டுக.
2. ‘பிற மரபோடு கலப்பது மரபை வளர்க்குமா, சிதைக்குமா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.