காலால் வில் வளைத்த வேட்டைக்காரர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேட் ஸ்டட்ஸ்மனுக்கு 2010-இல் வேலை இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். மான் வேட்டையாடினால் வீட்டுக்கு இறைச்சியாவது கிடைக்கும் என்று வில்லை எடுத்தார். அவருக்குப் பிறவியிலேயே இரு கைகளும் கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலது பாதத்தால் வில்லைப் பிடிக்கிறார் அவர். அம்பைத் தொடுப்பதும் கால் விரல்கள்தான். தோளோடு கட்டிய வாரில் உள்ள கொக்கி நாணைப் பற்றிக்கொள்கிறது. காலை நீட்ட, வில் முன்னே போகிறது, நாண் இழுபடுகிறது. தாடையை அசைத்ததும் கொக்கி விடுபட்டு அம்பு பாய்கிறது. நம் உடலின் மிகப் பெரிய தசைகள் பிட்டத்திலும் தொடையிலும்தான் இருக்கின்றன. ஆகவே வலுவுக்குக் குறைவில்லை.

அசையாமல் குறி வைப்பதுதான் கடினம். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கப் பளு கூடும். குறி பார்க்க வேண்டிய கடைசி நொடியில்தான் அது உச்சத்தில் இருக்கும். மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கொரு வழி கண்டார். அவர் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் உண்டு. பாதி இழுப்பில் பளு உச்சம் தொடும். சக்கரம் மேலும் சுழன்றதும் சட்டென்று இறங்கிவிடும். 27 கிலோ பளு உள்ள வில்லில் 80 சதவீதம் தளர்ந்தால், கடைசியில் தாங்க வேண்டியது ஐந்தரை கிலோதான். மான் விலாவைக் காட்டும்வரை காத்திருக்கலாம்.

காத்திருப்பதுதானே இந்த வேட்டையில் பெரும்பகுதி? விடியுமுன் போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மானின் மூக்குக்கு நம் வாடை எட்டாத இடத்தில் உட்கார வேண்டும். சருகு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். இந்தச் சுகத்துக்குக் கால் வேண்டியதில்லை. கால் செயலிழந்தவர்கள், மரத்தில் பரண் கட்டி ஏறுவதற்குப் பதில், சக்கர நாற்காலி நுழையும்படி தரையில் மறைப்புக் கூடாரம் போட்டுக்கொள்கிறார்கள். சேற்றிலும் பனியிலும் போக, டாங்கி போலப் பட்டைச் சக்கரம் பூட்டிய மின் நாற்காலிகளும் உண்டு.

கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களும் வேட்டைக்குப் போகிறார்கள். துப்பாக்கியை ஒரு தாங்கியில் பொருத்தி, முகவாயால் கைப்பிடியை அசைத்துத் திருப்புகிறார்கள். வாயிலுள்ள குழாயில் மூச்சை உறிஞ்சினாலோ ஊதினாலோ விசை இழுபடும். பக்கத்தில் ஒரு துணை இருப்பார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மருத்துவர் சான்று காட்டினால் இத்தகைய சலுகைகளுக்கு அனுமதி கிடைக்கும்.

உடலைக் கவனிப்பதுதான் பெரிய பாடு. தண்டுவடம் கழுத்தில் அறுபட்டால், குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வேலை அதற்குக் கீழே சரியாக நடக்காது. உடல் விறைப்பதே தெரியாமல் போகலாம். ஒரே இடத்தில் அழுந்தும் தோல் வலியே இல்லாமல் புண்ணாகிவிடும். அதனால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி உட்கார வேண்டும். சிறு அசைவைக்கூடக் கண்டுகொள்ளும் மான் முன்னால் இது சாமானியமல்ல. கூடாரத் துணி அங்கேதான் கைகொடுக்கிறது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தக் காம்பவுண்ட் வில் விளையாட்டு வழியே நமக்கும் வந்து சேர்ந்தது. லண்டன் 2012 பாராலிம்பிக் வில்வித்தையில் வெள்ளி வென்ற ஸ்டட்ஸ்மன், பாரிஸ் 2024 இறுதிச்சுற்றில் 150-க்கு 149 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். அதே பாரிஸில், ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தில் கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, ராகேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். அவரும் காலால்தான் வில் பிடிக்கிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்று விளையாட ஆசைப்பட்டால், ‘உன்னால் ஆகாது’ என்று சொல்லுமுன் ஊர்ப் பட்டறைக்காரரிடமும் தையல்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டட்ஸ்மனின் உடம்பையும் வில்லையும் இணைத்தவை ஒரு வாரும் ஒரு கொக்கியும்தான்.