ஆராய்ச்சி மணியும் பாராளுமன்றக் கேள்வியும்

அநுராதபுரத்திலிருந்து ஈழத்தை ஆண்ட எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்றைத் தூக்கி, அதன் நீண்ட கயிற்றை முறைவேண்டுவோர் கைக்கெட்டும்படி விட்டிருந்தான் என மகாவமிசம் கூறும். சோழநாட்டு மனுநீதிச் சோழன் வரலாறும் இத்தகைய மணியொன்றையே நடுவாகக் கொண்டது. இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. ஆள்வோன் எத்துணை நல்லோனாயினும், ஆளப்படுவோர் அவனை எழுப்பி வினவுதற்கு ஒரு வழி வேண்டும் என்பதே அது. மன்னராட்சியில் அவ்வழி மன்னனின் அருளைப் பொறுத்திருந்தது. குடியாட்சியிலோ அது மக்களின் உரிமையாய் அமைதல் வேண்டும். அவ்வுரிமை இன்று வழங்கும் வடிவங்களுள் எளியதும் ஆரவாரமற்றதும் யாதெனில், சட்டசபை உறுப்பினர் ஒருவர் மந்திரியிடம் எழுத்தில் விடுக்கும் கேள்வியாகும்.

இம்முறையின் தாயகம் பிரித்தானியப் பாராளுமன்றம். 1720ஆம் ஆண்டில் தென்கடற் கம்பனியின் பங்குகள் விலை வீழ்ந்தமையாற் பலர் பொருளிழந்தனர். அக்கம்பனியின் தலைமைக் காசாளராயிருந்த ரொபேட் நைற் என்பார் நாட்டை விட்டு ஓடினார். அவர் பிரசெல்ஸ் நகரிற் பிடிபட்டார் என்ற செய்தி மெய்தானோவென 1721 பெப்புருவரி 9ஆம் நாள் பிரபுக்கள் சபையிற் கூப்பர் பிரபு வினவினார். அரசாங்கத்தின் சார்பிற் சண்டர்லாந்துப் பிரபு விடையிறுத்தார். பதிவுபெற்ற முதற் பாராளுமன்றக் கேள்வி இதுவேயென்பர். மக்களின் பணத்தோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றியதாக முதற் கேள்வி அமைந்தமை கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கேள்விகள் மிகப் பெருகின. சபையின் நேரத்தை அவையே விழுங்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. எனவே 1902இல் ஆதர் பல்பர் கொண்டுவந்த விதித் திருத்தங்கள் வாய்மூல விடைகளுக்கு நேர எல்லை வகுத்தன. ஏனையவற்றுக்கு எழுத்தில் விடையளித்து அச்சிடலாமென்றும் விதித்தன. நேரில் விடை வேண்டிய கேள்விக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கமும் நிலைபெற்றது. இந்தியாவிற் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சட்டசபைகளுக்குக் கிடைத்தது. இன்று இந்திய மக்கள் சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியுடைய கேள்விகள் 20உம், குறியற்ற எழுத்துமூலக் கேள்விகள் 230உம் பட்டியலில் இடம்பெறலாம். 1947இல் அமைந்த இலங்கைப் பாராளுமன்றமும் வெஸ்ட்மின்ஸ்ரர் மரபையொட்டிக் கேள்விகளுக்குத் தன் நிலையியற் கட்டளைகளில் இடம் வகுத்துக்கொண்டது.

வாய்மூலக் கேள்விக்கும் எழுத்துமூலக் கேள்விக்கும் பயன் வேறு. முன்னையதில் மந்திரி சபை நடுவே எழுந்து நின்று விடையிறுக்கின்றார். துணைக் கேள்விகள் அம்புகள் போற் பாய்கின்றன. அவருடைய அறிவும் நாவன்மையும் சோதிக்கப்படுகின்றன. பின்னையதில் ஆரவாரம் இல்லை, நாவன்மைக்கும் இடமில்லை. ஆனால் எண்ணும் திகதியும் தொகையும் அட்டவணையும் அங்கேதான் வெளிப்படும். ஒரு மாகாணத்தில் எத்தனை பாடசாலைகளுக்குக் குடிநீர் இல்லை, ஒரு பாலத்துக்கு ஒதுக்கிய பணத்திற் செலவாகாதது எவ்வளவு என்பனவற்றை மந்திரி நினைவிலிருந்து கூறுதல் இயலாது. ஏடு பார்த்து எழுதவேண்டிய விடைகள் இவை.

அவ்வேட்டைப் பார்ப்போர் யாவர்? கேள்வி மந்திரியின் பெயருக்கு அனுப்பப்படினும், அது சென்றடைவது திணைக்களத்தையே. உரிய கிளை உத்தியோகத்தர் கோப்பை எடுத்து விடையின் முதல் வரைவை எழுதுவர், மேலதிகாரிகள் திருத்துவர், இறுதியில் மந்திரி அதனை ஏற்றுத் தம் பெயரில் வெளியிடுவர். இதனால் விளையும் நன்மை இரண்டு. திணைக்களத்தில் நெடுநாள் உறங்கிய கோப்பு ஒருமுறை விழித்துக்கொள்வது ஒன்று. அக்கோப்பில் நிகழ்ந்த தவறு மந்திரியின் கண்ணுக்கு எட்டுவது மற்றொன்று. விடை அச்சாகும் முன்னரே குறை களையப்படுதலும் உண்டு. கேள்வி வந்தது என்னும் செய்தியே சிலவிடத்து மருந்தாய் அமையும்.

கேள்விக்கும் இலக்கணம் உண்டு. அது செய்தியை வேண்டுவதாகவோ, செயலைத் தூண்டுவதாகவோ இருத்தல் வேண்டும்; வாதமாகவோ, தன் கருத்தை நாட்டுவதாகவோ இருத்தலாகாது. மந்திரியின் பொறுப்புக்கு உட்பட்ட பொருளையே அது தொடலாம். நீதிமன்றின் முன்னுள்ள வழக்கைத் தொடலாகாது. இவ்விதிகளைத் தடையென்று கொள்வார் உளர். உண்மையில் இவை கேள்வியைக் கூர்மையாக்கும் சாணைக்கல்லாம். “திணைக்களம் ஏன் சீர்கெட்டுக் கிடக்கின்றது?” என்பார்க்கு மழுப்பலான விடையே கிட்டும். “இத்திகதிக்கும் அத்திகதிக்கும் இடையில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை? அவற்றுள் தீர்க்கப்பட்டவை எத்தனை?” என்பார்க்கு எண்ணை மறைத்து விடையளித்தல் அரிது.

நன்கு அமைந்த கேள்வி எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு முந்த்ரா விவகாரம் சான்றாகும். 1956இல் நிறுவப்பெற்ற இந்திய ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், மறுவருடம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பனிகளில் ஏறத்தாழ ஒன்றேகாற் கோடி ரூபா முதலீடு செய்தது. அது காப்புறுதி செய்த எளிய மக்களின் சேமிப்பு. 1957 செப்ரெம்பரில் மக்கள் சபை உறுப்பினர் ராம் சுபக் சிங் இதுபற்றி வினவினார். கிடைத்த விடை ஐயத்தைத் தீர்க்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரிற் பெரோஸ் காந்தி ஆவணங்களோடு சபையில் விவாதத்தை எழுப்பினார். அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். 1958 தொடக்கத்தில் நீதியரசர் சக்ளா பகிரங்க விசாரணை நடாத்தினார். அதன் முடிவில் நிதிமந்திரி ரீ. ரீ. கிருஷ்ணமாச்சாரி பெப்புருவரியிற் பதவி துறந்தார். சிறு வினாவொன்றிற் தொடங்கியது மந்திரியின் நாற்காலியை அசைத்து முடிந்தது. கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர் மாத்திரமல்லர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும், கேள்வி எத்துணைக் கூரியதாயினும், விடை மெய்யாயிருந்தாலன்றிப் பயனில்லை. ஈரான், ஈராக் ஆகிய நாடுகள் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவற்றுக்குப் படைக்கலம் சார்ந்த பொருள்களை விற்றல் பற்றிப் பிரித்தானிய அரசாங்கம் வகுத்த நெறிகள் 1985 ஒக்டோபரில் எழுத்துமூல விடையொன்றினாற் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டன. 1988இற் போர் ஓய்ந்தபின், இளைய மந்திரிகள் மூவர் அந்நெறிகளைத் தளர்த்தினர். அதனைச் சபைக்கு அறிவித்திலர். பின்னர் உறுப்பினர் வினவியபோது, கொள்கை மாறவில்லை என்ற பொருள்படவே விடைகள் வந்தன. அக்காலத்தில் ஈராக்குக்கு இயந்திரங்களை அனுப்பிய மற்றிக்ஸ் சேர்ச்சில் கம்பனியின் நிர்வாகிகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். அரசாங்கத்துக்குத் தெரிந்தே அவை அனுப்பப்பட்டன என்பது வெளிப்பட, 1992 நவம்பரில் வழக்கு வீழ்ந்தது. விடை பொய்த்தால், பாராளுமன்றம் ஏமாறுவதோடு மனிதர் சிறைவாயிலில் நிற்கவும் நேரும் என்பதை அவ்வழக்குக் காட்டிற்று.

நீதிபதி ஸ்கொற் நடாத்திய விசாரணையின் அறிக்கை 1996 பெப்புருவரியில் வெளிவந்து, அவ்விடைகளிலிருந்த குறையை எடுத்துரைத்தது. அதன் பயனாக 1997 மார்ச்சு மாதத்திற் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றின. மந்திரிகள் மெய்யும் திருத்தமுமான செய்தியையே அளித்தல் வேண்டும். அறியாது நேர்ந்த பிழையை விரைவில் திருத்தல் வேண்டும். அறிந்தே சபையைத் தவறான வழியிற் செலுத்தியவர் பதவி துறக்க முன்வருதல் வேண்டும் என்பன அத்தீர்மானத்தின் சாரம். வாய்மை என்பது தனிமனிதர் அறம் மாத்திரமன்றி ஆட்சியின் விதியும் ஆயிற்று.

குறை கேட்போரிடத்தும் நேரலாம். கேள்வி கேட்பதற்குக் கைக்கூலி பெற்றமைக்காக 2005 டிசெம்பரில் இந்தியப் பாராளுமன்ற உறுப்பினர் பதினொருவர் ஒரே நாளிற் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். மணியின் கயிற்றை இழுக்கவும் விலை வைத்தமையே அவர்தம் குற்றம். இனி, பயனற்ற வினாக்களை மலைபோற் குவிப்பின், உத்தியோகத்தரின் நேரமும் மக்கள் பணமும் விரயமாகும். இதனைத் தடுக்கும் பொருட்டுப் பிரித்தானியாவில் விடை தேடும் செலவு ஒரு வரம்பைக் கடக்குமாயின் விடையளிக்க மறுக்கலாம் என்ற விதி உண்டு. அவ்விதியும் சிலவேளை விருப்பமற்ற விடையை மறைக்கும் திரையாகலாம். ஆதலின் இருபாலும் விழிப்பு வேண்டப்படும்.

விடை வந்தவுடன் பணி முடிந்தது எனக் கருதுதல் பெரும் பிழை. “ஆவன செய்யப்படும்”, “ஆராயப்படுகின்றது” என்னும் சொற்கள் அரசாங்க விடைகளில் நிரம்பக் காணப்படுவன. அவ்வாக்குறுதிகள் பின்பு யாதாயின எனக் கண்காணித்தற்கென்றே 1953இல் இந்திய மக்கள் சபை தனிக்குழுவொன்றை அமைத்தது. வாக்களித்த மூன்று திங்களுள் அதனை நிறைவேற்றுதல் வேண்டும் என்பது விதி. இன்று கேட்டு நாளை மறந்துவிடும் உறுப்பினரைத் திணைக்களங்கள் அஞ்சா. முன்னைய விடையைக் கையில் வைத்துக்கொண்டு மறுமுறை வினவும் உறுப்பினரையே அவை அஞ்சும்.

அண்மைக் காலத்தில் இவ்வுரிமை சபை மண்டபத்தைக் கடந்து குடிமக்கள் கைக்கும் வந்துள்ளது. இந்தியா 2005இலும் இலங்கை 2016இலும் இயற்றிய தகவலறியும் உரிமைச் சட்டங்கள், எழுத்தில் வினவி எழுத்தில் விடைபெறும் வழியைச் சாதாரண மக்களுக்கும் திறந்துவிட்டன. எனினும் சட்டம் கயிற்றைத்தான் தரும். அதனை இழுக்கும் கை மக்களுடையது. யாரை வினவுவது, எதை வினவுவது, கிடைத்த விடையை எவ்வாறு நிறுப்பது என்பன கற்றுத் தேரவேண்டிய கலைகள். வகுப்பறையில் ஆசிரியரை ஐயம் வினவத் தயங்காத மாணவனே நாளை ஆட்சியாளரை வினவத் தயங்காத குடிமகனாவான். எல்லாளனின் மணி ஒலித்த நாட்டில் அவ்வொலி ஓயாதிருத்தல் வேண்டுமாயின், வினவும் பழக்கம் பள்ளியிலேயே வேரூன்றுதல் வேண்டும்.