ஆக்சைடு நானோ துகள்களின் அளவைக் கட்டுப்படுத்துவதில் பரப்புச் செயலிகளின் பங்கு: கல்பாக்கம் காந்தப் பால்மத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

செங்கற்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில் அமைந்துள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள், இரும்புப் பொருள்களில் மறைந்துள்ள பிளவுகளை நிறமாற்றத்தால் காட்டும் காந்தப் பால்ம உணரி ஒன்றை 2012இல் அறிவித்தனர். காந்தமூட்டிய தகட்டில் பிளவுள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். அப்புலத்தில் பால்மத்தின் எண்ணெய்த் துளிகள் சங்கிலியாக அணிவகுத்து, ஒளியை விளிம்புவிளைவுக்கு உட்படுத்தி நிறம் காட்டுகின்றன. புலம் நீங்கியதும் துளிகள் பிரிந்தால்தான் உணரி மீண்டும் பயன்படும். அதற்குத் துளிகளுக்குள் உள்ள மேக்னடைட்டுத் துகள்கள் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். துகள் மிகப் பெரிதாயின், புலம் நீங்கிய பின்னும் காந்தத்தன்மை எஞ்சி நிற்கும். இவ்வளவைக் காப்பதில் பரப்புச் செயலி ஆற்றும் பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

துகள் உருவாதலும் வளர்தலும்

ஃபெரஸ், ஃபெரிக் அயனிகளை 1:2 விகிதத்தில் நீரில் கரைத்துக் காரம் சேர்த்தால் கருநிற மேக்னடைட்டு வீழ்படிவாகிறது. அதிதெவிட்டிய கரைசலில் முதலில் உட்கருக்கள் தோன்றுகின்றன. பின்னர் அவை வளர்கின்றன. ஒரே நேரத்தில் மிகுதியான உட்கருக்கள் தோன்றினால், எஞ்சிய அயனிகள் அவற்றுக்கிடையே பகிரப்பட்டுத் துகள்கள் சிறியனவாக அமையும்.

பரப்புச் செயலியின் இரு பணிகள்

சோப்பைப் போல, ஒரு முனையால் பரப்பைப் பற்றி மறுமுனையை வெளியே நீட்டும் மூலக்கூறே பரப்புச் செயலி. 18 கார்பன் அணுக்கள் கொண்ட ஒலியிக் அமிலம் இதற்குத் தக்க சான்று. வளர்ச்சியின்போதே சேர்க்கப்பட்டால், அது பரப்பில் படிந்து அயனிகளின் வரவைத் தடுக்கிறது. வளர்ச்சி முடிந்தபின் சேர்க்கப்பட்டால், துகள்கள் திரளாமல் காக்குமேயன்றி அவற்றைச் சிறிதாக்காது. இவ்விரு பணிகளையும் ஒன்றெனக் கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

தேவைப்படும் அளவு

ஓரலகு நிறைக்குரிய பரப்பு, 6ஐ அடர்த்தி, விட்டம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும். மேக்னடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.18 கிராம். எனவே 10 நானோமீட்டர் விட்டமுடைய 1 கிராம் துகள்களின் பரப்பு ஏறத்தாழ 116 சதுர மீட்டர். ஓர் ஒலியிக் அமில மூலக்கூறு 0.3 சதுர நானோமீட்டர் இடத்தை அடைப்பதாகக் கொண்டால், ஓரடுக்குப் பூச்சுக்கு ஏறத்தாழ 0.18 கிராம் அமிலம் தேவை. விட்டம் 5 நானோமீட்டராயின் இத்தேவை இருமடங்காகும். அமிலம் குறைந்தால் வெற்றிடங்கள் வழியே துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் இரண்டாம் அடுக்கு தலைகீழாகப் படிந்து, துகள்கள் எண்ணெயில் பரவுவதைக் கெடுக்கும்.

அளவை அளத்தல்

எக்ஸ் கதிர் விளிம்புவிளைவு படிக அளவையும், எலக்ட்ரான் நுண்ணோக்கி துகளின் உள்ளக அளவையும், இயங்கு ஒளிச்சிதறல் முறை பூச்சுடன் கூடிய அளவையும் தருகின்றன. 10 நானோமீட்டர் உள்ளகத்தைச் சுற்றி 2 நானோமீட்டர் பூச்சு இருப்பின், மூன்றாவது முறையில் ஏறத்தாழ 14 நானோமீட்டர் எதிர்பார்க்கலாம். அங்கு 80 எனக் கிடைத்து, முதலிரு முறைகளும் 10 எனக் காட்டினால், துகள்கள் வளரவில்லை, திரண்டுள்ளன என்பதே பொருள்.

முடிவுரை

‘பரப்புச் செயலியால் அளவு குறைந்தது’ என்னும் கூற்று, செயலியின் அளவு, அது சேர்க்கப்பட்ட கட்டம், அளவிட்ட முறை ஆகிய மூன்றையும் சுட்டும்போதே முழுமை பெறும். இவை பதிவு செய்யப்பட்டால்தான் ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகம் மீண்டும் பெற இயலும்.