நான்கு அடுக்குத் தித்திப்பு வில்லை

அமெரிக்க நாட்டில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, நன்றி நவிலும் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. 1863-ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்குமாக அறிவித்த இந்நாளை, 1941-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இன்ன வியாழன் என்று நிலையாக வரையறுத்தது. இலையுதிர் காலத்து அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளை அது. வான்கோழிக் கறியும், பரங்கிக்காய்ப் ‘பை’ என்னும் பணியாரமும் அன்றைய விருந்தில் தலையாயவை என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் கேள்வியுற்றிருக்கலாம். ஆயின் அத்திருநாளையொட்டி அலுவலகங்களிலும், மாதா கோயில் மண்டபங்களிலும், விவசாயிகளின் கூடங்களிலும் சிறு சிறு விருந்துகள் நடைபெறுகின்றன. வீட்டுக்கொரு பண்டமாகக் கொண்டுவந்து பகிர்ந்துண்பது வழக்கம். அத்தகைய கூட்டத்துக்கு ஏற்றது, நீள்சதுரத் தட்டில் சுட்டு, நம் ஊர் மைசூர்பாகைப்போல் வில்லை போட்டு எடுத்துவரும் அடுக்குப் பணியாரமே. கரண்டி வேண்டா, இலை வேண்டா. ஒரு தட்டில் 24 பேர் கையிலெடுத்து உண்ணலாம்.

அதன் அழகு நிறத்தில் இருக்கிறது. அடியில் வெண்ணெயும் மைதாவும் கூடிய பொன்னிறம். அதன்மேல் பரங்கியின் செம்மஞ்சள். அதன்மேல் கிரான்பெரிப் பழத்தின் மாணிக்கச் சிவப்பு. உச்சியில் அக்ரூட் பருப்பின் பழுப்பு. செயற்கைச் சாயம் ஒரு துளியும் இல்லை. சாயம் போகுமா என்று நெசவாளர் அங்கத்தினர்கள் கேட்பார்கள். கவனம் தவறினால் போகும். அதைப் பின்னர்க் கூறுவோம்.

பண்டத்தைக் கண்டால் அதன் கணக்கைப் புரட்டிப் பார்க்க விரும்புவது எம்போன்ற தணிக்கையாளரின் குணம். இந்த வில்லையின் கணக்கைப் புரட்டினால், அடுக்குக்கு அடுக்கு ஒரு சங்கத்தின் வரலாறு வெளிப்படுகிறது.

வெண்ணெயில் தொடங்குவோம். 1921-ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தில், ஊர்தோறும் தனித்தனியே இயங்கிவந்த கூட்டுறவு வெண்ணெய் நிலையங்கள் ஒன்றுகூடி ஒரு மத்திய சங்கம் அமைத்தன. லாண்ட் ஓ லேக்ஸ் என்ற பெயரில் அது இன்றும் உறுப்பினர் உடைமையாகவே நடைபெறுகிறது. பரங்கி அடுக்கு வேறு வகை. அந்நாட்டில் டப்பாவில் அடைபடும் பரங்கியின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் விளைந்து, மார்ட்டன் என்னும் ஊரிலுள்ள ஆலைக்குச் செல்கிறது. ஆலை ஒரு தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தது. விவசாயி அதற்கு ஒப்பந்தத்தின்பேரில் பயிரிடுபவன். 2009-ஆம் ஆண்டில் அறுவடை வேளையில் மழை விடாது பெய்து, காய்கள் சேற்றிலேயே கிடந்தன. நாடெங்கும் பரங்கித் தட்டுப்பாடு ஏற்பட்டது. அங்கு டப்பாவில் அடைப்பதும் நம் பரங்கியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதையும் குறிப்பிட்டு வைக்கிறோம்.

சிவப்பு அடுக்கே நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது. கிரான்பெரி சதுப்பு நிலத்தில், மணல் பரப்பிய பாத்திகளில் படரும் சிறு கொடி. பழத்தினுள்ளே நான்கு காற்றறைகள் உண்டு. அறுவடையின்போது பாத்தியில் நீரைத் தேக்கி, கொடியை அலைத்தால், உதிர்ந்த பழங்கள் மிதந்து வயல் முழுவதும் செங்கம்பளம் விரித்தாற்போல் தோன்றும். நம் களாக்காயைப் போன்ற கடும் புளிப்பு. சர்க்கரையின்றி வாயில் வைக்க இயலாது.

1930-ஆம் ஆண்டில் மார்க்கஸ் யூரன், ஜான் மேக்பீஸ், எலிஸபெத் லீ என்ற மூவர், போட்டியிட்டுக்கொண்டிருந்த தம் தொழில்களை ஒன்றாக்கினர். மூவரும் சேர்ந்தால் சந்தை முழுவதும் ஒரு கைக்குள் வந்துவிடும். ஏகபோகத் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களிக்கும் காப்பர்–வோல்ஸ்டெட் சட்டம் 1922-லேயே நிறைவேறியிருந்தமையால், அவர்கள் கூட்டுறவு வடிவத்தைக் கைக்கொண்டனர். இலட்சியத்தைவிடச் சட்ட ஆலோசனையே இச்சங்கத்தைப் பெற்றெடுத்தது என்று கூறினும் தவறாகாது. அதனால் அது குறைந்துவிடவுமில்லை. இன்று ஓஷன் ஸ்ப்ரே என்று வழங்கும் அச்சங்கத்தில் சுமார் 700 விவசாயக் குடும்பங்கள் உள்ளன.

ஒரு பண்டிகையை நம்பி ஆண்டு முழுவதும் உழைப்பது எத்தகையது என்பதைத் தீபாவளி விற்பனையை எதிர்நோக்கித் தறியில் அமரும் நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கிரான்பெரி விவசாயியின் நிலையும் அதுவே. 1959-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், திருநாளுக்குப் பதினேழு நாட்களே இருந்த நிலையில், சுகாதாரத் துறை அமைச்சர் ஆர்தர் ஃப்ளெமிங் ஓர் அறிவிப்புச் செய்தார். ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் விளைந்த பழத்தில் ஒரு பகுதியில் அமினோட்ரயஸோல் என்னும் களைக்கொல்லி கலந்திருந்தது. அம்மருந்து எலிகளின் தைராய்டுச் சுரப்பியில் புற்று உண்டாக்கியது. அறுவடைக்குப் பின்னரே தெளிக்க வேண்டிய மருந்தைச் சிலர் முன்னரே தெளித்திருந்தனர். ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் மாஸசூஸெட்ஸில் விளைந்த தூய பழமும் கடைகளிலிருந்து இறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் பதவியை நாடியிருந்த நிக்ஸனும் கென்னடியும் விஸ்கான்ஸின் மாநிலத்துக்குச் சென்றபோது, ஒருவர் பழக்கூழை உண்டும் மற்றவர் பழச்சாற்றைப் பருகியும் காட்டினர். சோதித்துத் தேறிய பழம் மீண்டும் கடைக்கு வந்தும், அவ்வாண்டு வணிகம் மீளவில்லை. அடுத்த ஆண்டில் அரசாங்கம் விவசாயிகளுக்கு இழப்பீடு வழங்கியது.

அமைச்சர் அவசரப்பட்டார் என்று வாதிடுவோர் இன்றுமுண்டு. எமக்கு அது சரியெனப் படவில்லை. முத்திரை ஒன்று, வயல்கள் பல என்றிருக்கும்போது, ஒருவர் தெளித்த மருந்து எல்லோருடைய பெட்டியிலும் வந்து விழத்தான் செய்யும். வயலைப் பார்வையிட மனமில்லாத சங்கம், சோதனைச்சாலையைக் குறை கூறலாகாது.

அதன்பின் சங்கம் ஒரு நாள் விருந்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. பழச்சாறு, ஆப்பிளோடு கலந்த சாறு, உலர்ந்த பழம் என்று ஆண்டு முழுவதும் விற்கும் சரக்குகளில் முனைந்தது. விலை நன்றாக ஏறியதும் புதிய பாத்திகள் பெருகின. 1996-இல் 100 பவுண்டு கொண்ட ஒரு பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் கிடைத்தது. 1999-இல் 20 டாலருக்கும் கீழே இறங்கியது. இத்தகைய வேளைகளில் சங்கத்தைப் பெரிய நிறுவனத்தோடு இணைக்கும் யோசனைகள் தோன்றுவது இயல்பு. 2004-ஆம் ஆண்டில் பெப்ஸி நிறுவனத்தோடு கூட்டு வணிகம் செய்யும் திட்டத்தை அங்கத்தினர்கள் வாக்களித்துத் தள்ளினர். உச்சியிலுள்ள அக்ரூட்டின் கதையோ வேறு: 1912-இல் தொடங்கிய கலிபோர்னியா அக்ரூட் விவசாயிகளின் சங்கம் 2005-இல் பங்குச்சந்தை நிறுவனமாக மாறியது. விவசாயிகளுக்குக் கொடுத்த தொகையை வேறு ஆண்டின் கணக்கில் எழுதிய குற்றத்துக்காக 2012-இல் அந்நிறுவனம் தன் கணக்குகளைத் திருத்தி வெளியிட நேர்ந்தது.

இனிச் செய்முறை. மைதா 300 கிராம், சர்க்கரை 120 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 225 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை விரல் நுனியால் உதிரியாகப் பிசைக. கால் பங்கை எடுத்து, பொடித்த அக்ரூட் 100 கிராமுடன் கலந்து குளிரில் வைக்க. எஞ்சியதை, காகிதம் விரித்த 33-க்கு 23 சென்டிமீட்டர் தட்டில் அழுத்திப் பரப்பி, 175 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 20 நிமிடம் சுடுக. வேகவைத்து மசித்து, துணியில் கட்டி நீர் வடித்த பரங்கி 425 கிராம், க்ரீம் சீஸ் 225 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, இலவங்கப்பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்புப் பொடிகள் சிறிதளவு ஆகியவற்றைக் கட்டியின்றிக் கலந்து அதன்மேல் ஊற்றி, நடுப்பகுதி அசையாதவரை, அதாவது சுமார் 25 நிமிடம் சுடுக. நீர் வடிக்காத பரங்கி அடியடுக்கை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

இதற்குள் கிரான்பெரி 340 கிராமைச் சர்க்கரை 200 கிராம், நீர் அரைக் கோப்பையுடன் கொதிக்கவிடுக. பழம் வெடித்ததும் அதிலுள்ள பெக்டின் என்னும் பொருள் கூழை இறுக்கிவிடும். சாயத்தின் இரகசியம் இங்கேதான். புளிப்பு இருக்கும்வரை சிவப்பு நிற்கும். சமையல் சோடா பட்டால் நீலமும் சாம்பலும் பாரிக்கும். ஆகவே எந்த அடுக்கிலும் சோடா சேர்க்கலாகாது. கூழ் ஆறி இறுகிய பின்னரே பரங்கியின்மேல் பரப்ப வேண்டும். சூட்டோடு பரப்பினால் இரு நிறமும் கலந்து கரை மங்கும். அக்ரூட் உதிரியைத் தூவி, மேலும் 20 நிமிடம் சுட்டு எடுக்க.

நான்கு மணி நேரமாவது குளிர்ப்பெட்டியில் வைத்த பிறகே கத்தியைத் தொட வேண்டும். கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மீண்டும் துடைத்து, நீளத்தில் ஆறும் அகலத்தில் நான்குமாக வில்லை போடுக. மூடி வைத்தால் குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் கெடாமலிருக்கும். விருந்துக்கு முந்திய நாளே செய்து வைப்பது நலம்.